நீண்ட போக்கர் போட்டிக்குப் போகும் குமரிக்காரருக்கும் அவர் வீட்டாருக்கும்: முழுமையான வழிகாட்டி

போக்கர் என்ற சீட்டாட்டத்தின் டோர்னமென்டில் ஒரு விநோதம் உண்டு. தோற்றவர் சீக்கிரம் வீடு திரும்புவார். நன்றாக ஆடுகிறவர்தான் வரமாட்டார். மதியம் 12 மணிக்கு உட்கார்ந்தவர் 2 மணிக்கே எழுந்து வரலாம், நான்காம் நாள் நள்ளிரவு வரை அங்கேயே கிடக்கவும் செய்யலாம். எது நடக்கும் என்று அவருக்கே தெரியாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ காத்திருக்கும் வீட்டுக்கு இதுதான் பெரிய தொல்லை. பணம் போவதுகூட அதற்கு அப்புறம்தான். "எப்பம் வருவிய?" என்று கேட்டால் "தெரியாது" என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வாரம் குடும்பம் நடத்த முடியாது.

போட்டி எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை. மற்றதையெல்லாம் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடலாம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. எப்படி ஆடுவது என்று இதில் எதுவும் இல்லை. ஆடச் சொல்லவும் இல்லை. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை கோவாவுக்கோ கொழும்புக்கோ போகும், கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ள ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதுகிறேன். முடிந்தால் இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள்.

படி 1: சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். செல்போனில் பணம் வைத்து போக்கர் ஆடும் காலம் இந்தியாவில் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடை 2022-இல் அவசரச் சட்டமாக வந்து, 2023-இல் முழுச் சட்டமானது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அதில் சேர்த்திருந்த பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடை போட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் மொத்தமாகத் தடை செய்துவிட்டது. இன்றைக்கும் எந்த ஆப்பாவது "டெபாசிட் பண்ணுங்க, போக்கர் ஆடலாம்" என்று கூப்பிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பணம் மாட்டிக்கொண்டால் கேட்க நாதியில்லை.

மிச்சம் இருப்பது நேரில் உட்கார்ந்து ஆடும் போட்டிகள். நமக்குப் பக்கம் என்றால் கோவா: பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் கேசினோக்கள், கரையில் சில ஹோட்டல்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கொழும்பு, வியட்நாம், மக்காவ், மணிலா. கனவு காண்கிறவர்களுக்கு லாஸ் வேகாஸ். வீட்டுக்கு இதன் பொருள் என்ன? முன்பு மாடியில் உட்கார்ந்து ஆடியவர் இப்போது ஊரைவிட்டே போகிறார். ராத்திரி முழுக்க மாடியில் எரிந்த விளக்கு ஒரு தொல்லை, இது வேறு மாதிரித் தொல்லை.

படி 2: போட்டி எப்படி ஓடுகிறது என்பதை வீட்டில் விளக்குங்கள்

பாதிச் சண்டைக்குக் காரணம் இது தெரியாததுதான். அடுக்களை மேசையில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பை-இன் என்பது நுழைவுப் பணம். அதைக் கட்டினால் ஆளுக்குச் சமமாகச் சிப்புகள் தருவார்கள். அந்தச் சிப்புக்குப் பண மதிப்பு கிடையாது. பாதியில் எழுந்து "கொடுங்க, வீட்டுக்குப் போறேன்" என்று காசாக்க முடியாது. எல்லாச் சிப்பும் போனால் வெளியே, இல்லாவிட்டால் கடைசிவரை உள்ளே. சீட்டைக் கலைத்துப் போடும் ஒவ்வொரு சுற்றிலும் (அதுதான் ஹேண்ட்) இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பந்தயத்துக்கு பிளைண்ட் என்று பெயர். அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு தடவை அது ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறும் ஒவ்வொரு கட்டமும் ஒரு லெவல். பெரிய போட்டிகளில் ஒரு லெவல் ஒரு மணி நேரம். வேகாஸில் வருஷா வருஷம் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் (வேர்ல்டு சீரிஸ்) முக்கியப் போட்டியில் இரண்டு மணி நேரம். ஆள் எழுந்து போனாலும் அவர் பெயரில் பிளைண்டை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் நடுவில் எழுந்து வர முடிவதில்லை.

முதல் நாளையே 1ஏ, 1பி, 1சி என்று பிரித்து வெவ்வேறு நாளில் வைப்பார்கள். 1ஏ-வில் வெளியேறியவர் மறுபடி பணம் கட்டி 1பி-யில் உட்காரலாம், இதுதான் ரீ-என்ட்ரி. நாள் முடியும்போது சிப்புகளை ஒரு பையில் போட்டு, பெயரும் எண்ணிக்கையும் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். மறுநாள் அங்கிருந்து தொடர்ச்சி. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். இரண்டு மணிக்கொரு தடவை பத்துப் பதினைந்து நிமிஷ இடைவேளை. வந்தவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத்தான் பரிசு கிடைக்கும். அதிலும் பெரும்பகுதி கடைசி ஒன்பது பேர் உட்காரும் ஃபைனல் டேபிளுக்கே போய்விடும்.

இந்தக் கடைசி விஷயத்தை மென்று விழுங்காமல் சொல்லுங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவரும் பெரும்பாலான போட்டிகளில் வெறுங்கையோடுதான் எழுந்து வருவார். அது தெரியாத மனைவிக்கு ஒவ்வொரு தோல்வியும் ஒரு துரோகம்போலப் படும். தெரிந்துவிட்டால் குறைந்தபட்சம் கேள்வி மாறும்: "ஏன் தோத்தீங்க?" என்பதற்குப் பதிலாக "இந்த வருஷம் எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பார். அதுதான் சரியான கேள்வி, அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, மேசையில் போனில் பேசக் கூடாது என்பது எல்லா இடத்திலும் பொது விதி. போன் எடுக்கவில்லை என்றால் வேண்டுமென்று எடுக்காமல் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். இதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 3: காலண்டரை வீட்டில் இருப்பவர் கையில் கொடுங்கள்

நிறையப் பேர் போட்டி அட்டவணை வந்ததும் தேதியைக் குறித்துவிட்டு, வீட்டில் கடைசியாகச் சொல்வார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வருஷத் தொடக்கத்தில் மனைவி முதலில் "இந்த நாள் எல்லாம் ஊரில் இருக்கணும்" என்று அடைத்துவிட வேண்டும். மிச்சத்தில்தான் போட்டி.

நம் ஊர்க் காலண்டரில் அடைபடும் நாள்கள் கொஞ்சமல்ல. தை மாதம் நாகராஜா கோவில் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர், ஓணம், டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா, அப்புறம் அவரவர் ஊர்க் கொடை, பங்குத் திருவிழா. இவற்றுக்கு வெளியூரில் வேலை பார்க்கிறவர்களே லீவு போட்டு வருவார்கள். ஊரில் இருந்துகொண்டே அந்த நேரத்தில் ஒருவர் கோவாவில் உட்கார்ந்திருந்தால், மாமியார் வீட்டில் அதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். பிள்ளைகளின் பரீட்சை வாரம், முதல் நற்கருணை, காதுகுத்து, மாமனாரின் ஆபரேஷன் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

வேகாஸ் ஆசை உள்ளவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். உலகத் தொடர் மே கடைசியில் தொடங்கி ஜூலை நடு வரை ஓடும். நமக்கு அது பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். யூனிஃபார்ம், நோட்டு, ஃபீஸ் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். கூடவே இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை வேறு. ரப்பர் வைத்திருப்பவர்களுக்குப் பால்வெட்டும் நின்று வருமானமும் குறையும். செலவு ஏறி வரவு இறங்கும் அந்த மாதத்தில்தான் உலகத்தின் பெரிய போட்டி வருகிறது. முழுத் தொடருக்கும் போகாமல் ஒரு பத்து நாள் போவது நடக்கிற காரியம். மொத்தமாக ஏழு வாரம் என்பதை, சிறு பிள்ளைகள் இருக்கும்வரை, என்னைக் கேட்டால் மறந்துவிடுவதே நல்லது.

"குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கோவாதானே, பிள்ளைகளுக்கும் கடல் பார்த்த மாதிரி இருக்கும் என்று. கடல் நம் ஊரில் இல்லாததா? மதியம் போய் ராத்திரி 2 மணிக்கு வருகிறவருக்காக, பாஷை தெரியாத ஊரில், ஹோட்டல் அறையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் நான்கு நாள் என்ன செய்வாள்? கூட்டிப் போவதென்றால் போட்டி முடியும் தேதிக்கு அடுத்த நாள் அவர்கள் வந்து சேரும்படி டிக்கெட் போடுங்கள். முன்பே வெளியேறிவிட்டால், அவர்கள் வரும்வரை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பக் கூட்டிப் போங்கள்.

படி 4: பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

குமரியின் மேற்குக் கடற்கரைக் கிராமங்களில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம், ஆழ்கடலுக்குப் போகிற வீடுகளில் ஆண்கள் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். எப்போது வருவார்கள், என்ன கொண்டுவருவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. அது உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற தொழில். சீட்டாட்டத்தை அதற்குச் சமமாக வைக்கவில்லை. ஆனால் நிச்சயமில்லாத வரவை வைத்து வீடு நடத்தும் முறையை அவர்களிடம்தான் கற்க வேண்டும். போகும் முன்பே வீட்டுச் செலவுக்குப் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் முதலில் கழியும், மிச்சத்தில்தான் பங்கு. வராத மீனை நம்பிக் கடையில் யாரும் சேலை எடுப்பதில்லை.

அதே முறையில் மூன்று கணக்கு. முதலாவது வீட்டுப் பணம். குறைந்தது ஆறு மாதச் செலவு, மனைவி பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். ஏடிஎம் கார்டும் பின் எண்ணும் அவரிடம் மட்டும். இரண்டாவது ஆட்டப் பணம், அதாவது பேங்க்ரோல். முழுதும் போனாலும் வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையாத தொகையாக அது இருக்க வேண்டும். அது தீர்ந்தால் அந்த வருஷத்துக்கு ஆட்டமும் தீர்ந்தது. மூன்றாவது பயணப் பணம். இதைத் தனியாக வைக்காதவர்கள்தான் "பை-இன் அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பை-இன் 30,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு தடவை ரீ-என்ட்ரி என்றால் 60,000. ரயிலில் ஏசியில் போய்வர 3,500, ஐந்து ராத்திரி அறைக்கு 12,500, சாப்பாடு டாக்சி 5,000. மொத்தம் 81,000. இப்போது அவர் கஷ்டப்பட்டு ஆடி, பரிசு வட்டத்துக்குள் கடைசி ஆளாக நுழைந்து 55,000 வாங்குகிறார். "பரிசு கிடைச்சாச்சு" என்று மெசேஜ் வரும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் 26,000 நஷ்டம், அதுவும் வரிக்கு முன்னால்.

வரி இன்னும் கசப்பானது. சீட்டாட்டப் பரிசுக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ், சேர்த்து 31.2. உங்கள் வருமான அடுக்கு எதுவாக இருந்தாலும் இதே விகிதம்தான். ரயில், ஹோட்டல், வேறு போட்டிகளில் விட்ட பணம் எதையும் இதில் கழிக்க முடியாது. ஒரு பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினாலே நடத்துபவர்கள் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 55,000-க்கு வரி, செஸ் எல்லாம் போனால் கையில் நிற்பது 37,840. வருஷம் முழுக்கத் தோற்று ஒரே ஒரு போட்டியில் ஜெயித்தவரும் அந்த ஒன்றுக்கு வரி கட்டத்தான் வேண்டும். வெளிநாட்டில் ஆடினால் கணக்கு இன்னும் சிக்கல். நாகர்கோவிலில் நல்ல ஆடிட்டர் ஒருவரைப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பேக்கர் விவகாரம். ஒருவர் உங்கள் பை-இன்னைக் கட்டுவார், ஜெயித்தால் லாபத்தில் பங்கு. கேட்க இனிப்பாக இருக்கும். தோற்ற பணம் மேக்கப் என்ற பெயரில் உங்கள் தலையில் ஏறிக்கொண்டே வரும். அடுத்த பரிசில் முதலில் அதை அடைத்த பிறகுதான் உங்களுக்குக் காசு. சட்டப்படி அதற்கு என்ன பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், வீட்டைப் பொறுத்தவரை அது கடன். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நண்பர்களுக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் பங்கு விற்பதில் தப்பில்லை, வாட்ஸாப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்கு மட்டும் விற்காதீர்கள். போட்டியில் போன 3,000 ரூபாய் பத்து வருஷத்துக்கு எல்லாக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பரிமாறப்படும்.

நகை, சிட்டி (சிட்ஃபண்ட்) பணம், பிள்ளைகள் பெயரில் போட்டது, ரப்பர் ஷீட் விற்ற காசு: இந்த நான்கும் ஆட்டத்துக்கு ஆகாது. இதில் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

படி 5: ரீ-என்ட்ரி எத்தனை என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

தனிப் படியாக இதை எழுதக் காரணம் இருக்கிறது. வெளியேறிய முதல் கால் மணி நேரத்தில் எந்த மனிதனும் நிதானமாக இருப்பதில்லை. அடுத்த லெவல் முடிந்தால் பதிவு அடைத்துவிடுவார்கள் என்ற அவசரம் வேறு. அப்போது போன் போட்டு "இன்னொரு தடவை கட்டட்டுமா?" என்று கேட்பது ரொம்ப மரியாதையான காரியம்போலத் தெரியும். உண்மையில் அது மனைவியை மாட்டிவிடுவது. வேண்டாம் என்றால் "அன்னைக்கு நீ விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்று கேட்க நேரும், சரி என்றால் நஷ்டத்தில் அவருக்கும் பங்கு.

ஆகவே எண்ணை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று என்றால் ஒன்று. அங்கே போய் மாற்றக் கூடாது, போனிலும் மாற்றக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, சீக்கிரம் வெளியேறிவிட்டால் என்ன செய்வது என்பது. முதல் நாளே போட்டி முடிந்துவிட்டது, ஆனால் திரும்பும் டிக்கெட் ஐந்தாம் நாள். நடுவில் நான்கு நாள் சும்மா. அப்போதுதான் பக்கத்து மேசையில் சின்னப் போட்டி, நேரடிப் பணத்துக்கே ஆடும் கேஷ் கேம், கடைசியில் ரூலெட் வரைக்கும் கால் போகும். வீட்டுப் பணமும் நம்பிக்கையும் ஒழுகுவது பெரும்பாலும் இந்த நான்கு நாளில்தான். முக்கியப் போட்டியில் போவது அளவுள்ள பணம். விதி எளிது: எழுதிய எண்ணிக்கை முடிந்ததும் அடுத்த வண்டியில் ஊர். நாகர்கோவிலிலிருந்து காந்திதாம் போகும் ரயில் கோவாவின் மட்காவ் வழியாக வாரம் ஒரு தடவைதான் ஓடுகிறது, ஆனால் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் தினமும் மட்காவில் நின்று திருவனந்தபுரம் வரும். அங்கிருந்து நமக்கு இரண்டு மணி நேரம். பழைய டிக்கெட்டை ரத்து செய்வதில் போகிற காசு, நான்கு நாள் அங்கே கிடந்தால் போவதில் தூசு.

படி 6: வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்

ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். தங்கும் ஹோட்டலின் பெயரும் போன் நம்பரும், கேசினோ அலுவலக நம்பர், கூடப் போகும் நண்பர் ஒருவரின் நம்பர். உங்கள் போன் மேசைக்கு அடியில் சைலன்ட்டில் கிடக்கும்போது கூப்பிட வேண்டியவர் அவர்தான். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வண்டியோடு வரக்கூடிய ஆள் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். அவரிடம் நீங்களே நேரில் சொல்ல வேண்டும், மனைவியைச் சொல்ல விடக் கூடாது. கேஸ், கரண்ட் பில், அம்மாவின் பிரஷர் மாத்திரை, பால்வெட்டுக்காரர் கூலி, கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவது என எல்லாம் அதில் வரட்டும்.

அம்மா அப்பாவிடம் என்ன சொல்வது? "வேலை விஷயமாப் போறேன்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்தப் பொய்யைத் தினமும் காப்பாற்ற வேண்டியவர் மனைவிதான். காலையில் சாயா கொடுக்கும்போது மாமியார் கேட்பார், மாலையில் பக்கத்து வீட்டு மாமி கேட்பார். "சீட்டு விளையாட்டுப் போட்டி, பணம் கட்டி ஆடுவது, இவ்வளவுதான் கட்டுவேன்" என்று நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பொய் வெளிவந்தால் ஒரு வருஷம்.

பிள்ளைகளிடம் "அப்பா ஜெயிச்சுட்டு வருவேன், சைக்கிள் வாங்கித் தரேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சைக்கிள் வாங்க வேண்டும் என்றால் போகும் முன்பே வாங்கிக் கொடுங்கள்.

படி 7: போட்டி நடக்கும்போது, நான்கு செய்தி போதும்

"உட்கார்ந்தாச்சு." "இடைவேளை, நல்லா இருக்கேன்." "இன்னைக்கு முடிஞ்சுது, நாளைக்கு 1 மணிக்கு மறுபடி." "வெளியே வந்தாச்சு." கடைசிச் செய்தி வெளியேறிய ஐந்து நிமிஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பேச மனமில்லையென்றால் பேச வேண்டாம், செய்தி மட்டும் போதும். ராத்திரி 1 மணி வரை முழித்திருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அந்த இரண்டு வார்த்தை தூக்கம் கொடுக்கும்.

சிப்பு எண்ணிக்கையை வீட்டுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். "2 லட்சம் இருக்கு" என்று அனுப்புவீர்கள். தொடங்கும்போதே 40,000 சிப்பு சும்மா கொடுத்தது வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அம்மா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய், "பய கையில ரெண்டு லட்சம் வச்சிருக்கானாம்" என்று சொல்லிவிடுவார். அடுத்த மணி நேரத்தில் நீங்கள் வெளியேறியிருப்பீர்கள். அந்த ரெண்டு லட்சம் எங்கே போச்சு என்று குழித்துறை முழுக்கக் கேட்கும்.

வீட்டில் இருப்பவருக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் வரவில்லை, சின்னவன் அடம் பிடிக்கிறான் போன்றவற்றை இடைவேளையில் கொட்டத் தோன்றும். நியாயம்தான், ஆனால் பத்து நிமிஷத்தில் அவரால் எதுவும் செய்ய முடியாது. உண்மையான அவசரத்துக்கு மட்டும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்தடுத்து மூன்று மிஸ்டு கால். அது வந்தால் எந்த ஹேண்டாக இருந்தாலும், பரிசுக்கு இன்னும் ஒரே ஆள் பாக்கி என்று மொத்த அறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தாலும், எழுந்து வெளியே வந்து பேச வேண்டும்.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். கொழும்பு நம் நேரம்தான். வியட்நாம் ஒன்றரை மணி நேரம் முன்னால், மக்காவும் மணிலாவும் இரண்டரை. வேகாஸ் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மதியம் 12-க்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே ராத்திரி 12:30. பிள்ளை மாலை 4:30-க்குப் பள்ளி விட்டு வரும்போது அப்பா அங்கே விடிகாலை 4 மணித் தூக்கத்தில் இருப்பார். ஆனால் ஒரு இடம் அழகாகப் பொருந்துகிறது. முக்கியப் போட்டியில் மூன்று லெவல் முடிந்து சாப்பாட்டுக்கு விடுவது மாலை 6:40 வாக்கில். நமக்கு அது காலை 7:10. பிள்ளைக்குத் தலைவாரி, இட்டிலி ஊட்டி, ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் நேரம். அந்த இடைவேளையை மற்ற ஆட்டக்காரர்களோடு ஹேண்ட் அலசுவதில் செலவழிக்காமல் வீடியோ காலுக்கு ஒதுக்குங்கள். வேன் வரும்வரை போன் பிள்ளை கையிலேயே இருக்கட்டும்.

தாமதப் பதிவையும் குடும்பத்துக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். பெரும்பாலான போட்டிகளில் தொடங்கிச் சில மணி நேரம் வரை சேரலாம். 17 உலகத் தொடர் பட்டங்கள் வாங்கிய பில் ஹெல்முத்தே தாமதமாக வந்து உட்காருவதில் பேர் போனவர். இரண்டு நாள் பிந்திக் கிளம்பி, 1ஏ-வை விட்டு 1சி-யில் சேர்ந்தால் வீட்டில் இரண்டு ராத்திரி கூடுதலாக இருக்கலாம். பதிலுக்கு ரீ-என்ட்ரி வாய்ப்பு குறையும். அதுவும் லாபம்தான்.

படி 8: தூக்கம்

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த வரம்பே 0.03தான். காலை 9-க்கு எழுந்து ராத்திரி 2 வரை ஆடுகிறவர், குடிக்காமலே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரத்தில் படுக்கை. நடுராத்திரி பிரியாணி, அன்றைய ஹேண்டுகளைப் பற்றிய மாநாடு இரண்டும் வேண்டாம். சாயா, காப்பி, எனர்ஜி பானம் எல்லாம் ராத்திரி 8 மணியோடு போதும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை உள்ளவர்கள் போனில் அலாரம் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒரே இருக்கையில் இருக்கும்போது முதலில் மறப்பது அதைத்தான். ஒவ்வொரு இடைவேளைக்கும் எழுந்து நடங்கள். ஊரிலிருந்து மட்டிப்பழம் ஒரு சீப்பு, வறுத்த கடலை கொண்டுபோனால் கண்டதைத் தின்னாமல் தப்பிக்கலாம்.

திரும்பி வரும்போது திருவனந்தபுரத்தில் நிறுத்திய வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். களியக்காவிளையிலிருந்து தக்கலை வரை அந்த ரோட்டின் நெரிசலும் வளைவும் தூங்கி எழுந்தவனுக்கே சவால்.

படி 9: வந்த பிறகு மூன்று நாள்

வீட்டுக்கு வந்த அன்று இரண்டு பேரும் களைத்திருப்பீர்கள். ஒரு வாரம் தனியாக வீட்டைச் சுமந்தவருக்கு இருக்கும் களைப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முதல் நாள் பணக் கணக்கு வேண்டாம், குற்றப்பத்திரிகையும் வேண்டாம். தூங்குங்கள், பிள்ளைகளோடு இருங்கள். இரண்டாம் நாள் முழுதும் வீட்டு வேலை உங்களுடையது. மனைவி அம்மா வீட்டுக்குப் போகட்டும், இல்லை சும்மா படுத்திருக்கட்டும். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துப் போன தொகை, வந்த தொகை, செலவு எல்லாம் எழுதி இரண்டு பேரும் பாருங்கள்.

கடைசிச் சீட்டில் எப்படி மாட்டினேன், அவன் எப்படி அதிர்ஷ்டத்தில் தப்பினான் என்ற கதைகளை வீட்டில் சொல்லாதீர்கள். சக ஆட்டக்காரர்களே பாதியில் கழன்றுகொள்ளும் கதை அது.

பெரிய பரிசு அடித்துவிட்டால் சிக்கல் வேறு விதம். செய்தி வெட்டூர்ணிமடம் தாண்டுவதற்குள் கடன் கேட்டு ஆள் வரும். தொகை எவ்வளவு என்று யாரிடம் சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் முதலில் பேசி முடியுங்கள். பாக்கி வரி ஏதாவது இருந்தால் அது முதலில் தனியே போகட்டும். மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். நகைக்கடன் இருந்தால் திருப்புங்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் ஆடலாம் என்ற யோசனை அந்த வாரம் வரும். ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள்.

படி 10: எப்போது நிறுத்த வேண்டும்

இதை வீட்டில் இருப்பவருக்காக எழுதுகிறேன். எழுதி வைத்த எண்ணிக்கையை அவர் தொடர்ந்து மீறுகிறாரா? எவ்வளவு போனது என்பதில் பொய் சொல்கிறாரா? உங்களுக்குத் தெரியாமல் நகை அடகுக்குப் போனதா? விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அடுத்த போட்டிக்குக் கடன் வாங்குகிறாரா? ஆடாத நாளில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறாரா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால், மேலே சொன்ன ஒன்பது படிகளும் இனி வேலைக்கு ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் சூதாட்டப் பழக்கத்தை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

முதலில் பணம் போகும் வாசலை அடைத்துவிடுங்கள். கூட்டுக் கணக்கில் உள்ளதை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். நகையை உங்கள் பெயரில் லாக்கரில் வையுங்கள். உங்கள் ஆதார், பத்திரம், காசோலைப் புத்தகம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து எதிலும் போடாதீர்கள். சொந்தக்காரர் யாரும் அவர் கடனை இரகசியமாக அடைத்துவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அப்படி அடைபட்ட கடன் அடுத்த பை-இன்னுக்கு வழி திறந்துவிடும்.

அப்புறம் மருத்துவம். ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய்க்கூட ஆலோசனை கேட்கலாம். வெளியே போக முடியாத நிலை என்றால் டெலி மானஸ், நம்பர் 14416. இது அரசின் இலவச மனநல உதவி எண், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். ஆடுகிறவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை.